பாடைமேடை

பூவங்குறிச்சிப் பாலத்தின் வரலாற்றை எழுத ஒரு டீச்சர் வந்திருக்கிறார் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியதும், அதுவரை பாலத்தைப் பற்றி வாயே திறக்காதவர்களெல்லாம் வரலாற்று ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். வெள்ளத்தில் பாலம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்த காலத்தில் அதன் மேலிருந்து வெற்றிலை எச்சில் துப்பியவர்களும், அதன் கைப்பிடிச் சுவரில் வேட்டி உலர்த்தியவர்களும் இப்போது அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். செத்தவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை பாலத்துக்கும் கிடைத்துவிட்டது.

டீச்சரின் பெயர் பார்கவி. கல்லிடைக்குறிச்சிக்காரர். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். மதார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் பதிவைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் டீ சொல்லிவிடுவார். பூவங்குறிச்சியைப் பேச வைக்க அதற்கு மேல் எந்த ஆராய்ச்சி முறையும் தேவைப்படவில்லை.

யார் கட்டியது என்பதில்தான் முதல் தகராறு. மேலத்தெருக்காரர்கள் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டினான் என்றார்கள். குதிரையோடு ஆற்றில் இறங்கினானாம், குதிரை மட்டும் கரையேறியதாம், அதனால் பாலம் வந்ததாம். குதிரை மட்டும் கரையேறியிருந்தால் துரை எப்படிக் கட்டினான் என்று பார்கவி கேட்டதற்கு, "அது வேற துரை டீச்சர்" என்று பதில் வந்தது. கீழத்தெருக்காரர்கள் துரையையே ஒப்புக்கொள்ளவில்லை. வாழைத்தார் வியாபாரி ஒருவர், தன் தார்கள் அக்கரையிலேயே பழுத்து வீணாவதைப் பொறுக்கமாட்டாமல் கட்டினார் என்றார்கள். சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் அரைத்த காரை என்பதில் இரண்டு தெருவுக்கும் ஒற்றுமை. முட்டை சேர்த்தார்களா என்பதில் இல்லை. நடுத்தூண் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால் ஒரு ஆளை உயிரோடு உள்ளே வைத்துக் கட்டினார்கள் என்றும் கதை உண்டு. அந்த ஆள் எங்கள் தெருக்காரர்தான் என்று ஒவ்வொரு தெருவும் அடித்துச் சொன்னது. சுவருக்குள் போய்ச் சேர்வதற்கு இத்தனை போட்டி இருக்கும் என்று பார்கவி எதிர்பார்க்கவில்லை.

டீக்கடைக்கு எதிரே இலைக் கொட்டகை. முத்துராணி அங்கே வாழையிலை அடுக்கிக் கட்டிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவாழை இலையைத் தனியாக, கிழிந்ததைத் தனியாக, நரம்பு முறியாமல் மடித்து, நாரைச் சுற்றி இறுக்குவாள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. யாராவது பேசினால் பதில் சொல்வாள், சிரித்தால் சிரிப்பாள். ஆனால் அவள் புருஷன் போனதிலிருந்து எதுவும் அவளுக்குள் போய்ச் சேரவில்லை. கை மரத்துப்போனால் உதறிவிடலாம். மனசை எப்படி உதறுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் புருஷன் செந்தூர்பாண்டி. பாலத்தோடு போனவன் அவன்தான்.

பாலத்தைப் பற்றி ஊர் முழுக்க ஒரே மாதிரி சொன்னது ஒன்றே ஒன்றுதான். பூவங்குறிச்சியின் சுடுகாடு அக்கரையில் இருக்கிறது. பாலம் வருவதற்கு முன் பிணத்தைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு பெருகினால் தோணிக்காரன் வரமாட்டான், செத்தவர் வீட்டிலேயே காத்துக்கிடக்க வேண்டும். பாலம் வந்ததும் அந்தக் கஷ்டம் ஒழிந்தது. எதிரெதிரே வரும் மாட்டுவண்டிகள் ஒதுங்கிக்கொள்வதற்காக, பாலத்தின் நடுவில் ஒரு பக்கம் வயிறு தள்ளினாற்போல அகலமாகக் கட்டியிருந்தார்கள். ஊர் அதைத் தன் காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. பாடையை அங்கே இறக்கி, தலைமாடும் கால்மாடும் மாறும்படி திருப்பித் தூக்குவார்கள். போகிறவருக்கு வந்த வழி மறந்துபோக வேண்டும் என்பது கணக்கு. வண்டிக்குக் கட்டிய இடத்துக்குப் பாடைமேடை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெண்கள் பாலம் தொடங்குகிற இக்கரைத் தலைப்போடு நின்றுகொள்வார்கள். பாடை திரும்புவதைப் பார்த்துவிட்டு, படித்துறையில் முங்கி எழுந்து வீட்டுக்குப் போவார்கள். கொள்ளி வைத்தவர் வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பூவங்குறிச்சிக்காரர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்து வைத்திருந்தார்கள். பாலத்தில் வரும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடும். தெரிந்த குரலாகத்தான் இருக்கும். முறை சொல்லிக் கூப்பிடும். அதற்குத் திரும்பினால் செத்தவர் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் கொள்ளி வைத்தவருக்குப் பின்னால் நடந்து வருகிறவர்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இருமல் வந்தால்கூட துண்டைப் பொத்திக்கொள்வார்கள்.

"இப்ப எப்படிச் செய்யறீங்க?" என்று பார்கவி கேட்டார்.

"இப்ப வேன்தான் டீச்சர்" என்றார் மதார். "ஆத்தச் சுத்தி, அடுத்த பாலம் வழியா போவுதாவ. போற வழியில ஒரு பெட்ரோல் பங்கு இருக்குல்லா, அங்கன இறக்கித் திருப்பிக்கிடுதாவ. பங்குக்காரரு ரெண்டு தடவ சத்தம் போட்டாரு. போன மாசம் அவரு மாமனாரே தவறிட்டாரு. இப்ப ஒண்ணும் சொல்றதில்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பார்கவியும் சிரித்துவிட்டு, பாலம் விழுந்த நாளைப் பற்றிக் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் டம்ளரைக் கழுவப் போனார். இன்னொருவருக்குத் தோட்டத்தில் மோட்டார் போட்டது ஞாபகம் வந்தது. மதார் மட்டும் எதிர்க் கொட்டகையைக் கண்ணால் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினார்.

பார்கவி கொட்டகைக்கு வந்து முத்துராணியின் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தார். செல்போனை எடுக்கவில்லை. அது நல்ல மனசுதான் என்று முத்துராணிக்குப் புரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்றாள். "எங்க பெரியத்தானக் கேளுங்க. அவ்வதான் அன்னைக்குப் பாலத்துல வந்தாவ."

பெரியத்தான் என்றால் செந்தூர்பாண்டியின் அண்ணன் மந்திரமூர்த்தி. வாழைத்தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தவரைப் பார்கவி தேடிப்போய்க் கேட்டார். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்று, மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"நான் பாக்கலம்மா. அவளக் கேளுங்க. அவதான் பாத்தா."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு பார்கவியால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான். மார்கழி பிறந்த அன்று அண்ணன் தம்பி இருவருடைய அப்பா செத்துப்போனார். வயசான சாவு, யாரும் பதறவில்லை. மழைதான் பதற வைத்தது. மழை விட்டுக் கொஞ்சம் வெறித்த நேரம் பார்த்துப் பாடையைத் தூக்கினார்கள். மேடையில் இறக்கித் திருப்பும்போதே தண்ணீர் பாலத்தின் வளைவுக் கண்களை முக்கால்வாசி அடைத்துவிட்டது. சுடுகாட்டுத் தகரக் கொட்டகைக்குள் ஈர விறகு பிடிக்கவில்லை. எருவையும் மண்ணெண்ணெயையும் வைத்து மல்லுக்கட்டினார்கள். ஆறு ஏறுகிறது என்றதும் மந்திரமூர்த்தி மற்றவர்களையெல்லாம் முன்னால் போகச் சொல்லிவிட்டார். தீ நன்றாகப் பிடிக்கிற வரைக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

போனவர்கள் எல்லோரும் இக்கரை வந்து சேர்ந்து வீட்டுக்கு ஓடினார்கள். பெண்களும் போய்விட்டார்கள். முத்துராணி மட்டும் பாலத்தின் தலைப்பில் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

மந்திரமூர்த்தி முன்னால் வந்தார். மொட்டையடித்த தலை, ஈர வேட்டி. செந்தூர்பாண்டி அவருக்கு நேர் பின்னால் வந்தான். முத்துராணி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அண்ணன்தான் தெரிந்தார். தம்பி அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தான். அவர் பாடைமேடையைத் தாண்டினார். தாண்டி ஓரடி வைத்ததும் நின்றார்.

ஏன் நின்றார் என்று முத்துராணிக்குத் தெரியும். பின்னாலிருந்து குரல் வந்திருக்கிறது. ஆற்று இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலையைச் சாய்த்ததையும் ஒரு தோள் பைய இறங்கியதையும் பார்த்தாள். அவர் திரும்பப் போகிறார். மாமனார் கூப்பிடுகிறார், இவர் திரும்பப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்தப் பாலத்தில் நின்று வளர்ந்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் கையைத் தூக்கி, வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினாள்.

மந்திரமூர்த்தி அதைப் பார்த்தார். தோள் நிமிர்ந்தது. அவளைப் பார்த்து நடந்து வந்தார்.

அவர் நடந்து வரும்போது அவருக்குப் பின்னால் பாலம் போனது. மேடைக்கு அந்தப் பக்கத்துக் கண் முதலில் உள்ளே உட்கார்ந்தது. அடுத்தது அதன் மேலேயே சாய்ந்தது. அப்புறம் அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. செந்தூர்பாண்டி அந்தக் கண்ணின் மேல்தான் வந்துகொண்டிருந்தான். அவன் விழுந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. அவன் இல்லாததைத்தான் பார்த்தாள். மந்திரமூர்த்தி அதையும் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கரைக்கு வந்து சேர்ந்தார்.

திரும்பியிருந்தால் கைக்கு எட்டியிருப்பானா, இல்லை இரண்டு பேரும் சேர்ந்து போயிருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. மறுநாள் வெள்ளம் சுடுகாட்டையும் அள்ளிக்கொண்டு போனது. அப்பாவுக்குச் சாம்பல் கிடைக்கவில்லை, பிள்ளைக்கு உடம்பு கிடைக்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் தேடினார்கள். அணைக்குக் கீழேயும் தேடினார்கள்.

அவர் நின்றதும் அவள் கையாட்டியதும் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்கள் அதைப் பேசியதே இல்லை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். மந்திரமூர்த்திக்கு மனைவி முன்னமே தவறிவிட்டாள், பிள்ளை கிடையாது. முத்துராணி சோறாக்கி, தட்டில் போட்டு மூடி, குட்டைச் சுவரின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் சாப்பிட்டுக் கழுவி அதே இடத்தில் வைத்துவிடுவார். இரண்டு வருஷமாக அவர்களுக்குள் போக்குவரத்து அந்தத் தட்டு ஒன்றுதான். அவர் ஆற்றுப் பக்கமே போவதில்லை. தோட்டத்து மோட்டார் தண்ணீரில் குளிக்கிறார். அவள் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. அதில் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியுமே.

முத்துராணியின் கழுத்தில் தாலி கிடந்தது. சுமங்கலி என்று யாரும் விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. வளைகாப்பு வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால், என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அவளுக்கு அதில் வருத்தம்கூட வரவில்லை. ஆற்றில் போய்க் கிடைக்காதவர்களுக்கு ஊரில் ஒரு வழி உண்டு. இலை கழித்த வாழைமரத்தை ஆள் உயரத்துக்கு வெட்டி, போனவர் வேட்டியைச் சுற்றி, பாடைமேடையில் இறக்கித் திருப்பி, அங்கிருந்தே ஆற்றில் விட்டுவிடுவார்கள். பச்சை மரம் எரியாது, ஆற்றில் போனவருக்கு ஆறே போதும். பெண்பிள்ளை மட்டும் உள்ளவனுக்கு அண்ணன்தான் அதைச் செய்ய வேண்டும். செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். திருப்பிவிடாதவர் நின்ற இடத்திலேயே நிற்பார். கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இலை அடுக்கும்போதும், விளக்கணைத்துப் படுக்கும்போதும் அவளுக்கு அந்த ஒரு நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அங்கன நின்னு இன்னும் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நம்ம கைய ஆட்டுனதப் பாத்திருப்பாரோ என்னவோ.

பார்கவி மறுபடி ஒரு நாள் வந்தார். இந்த முறை கேமராவும் கையுமாக. முத்துராணியைப் பார்த்ததும் கொட்டகை வாசலில் நின்று, "கடைசி நாளைப் பத்தி நான் ஒண்ணும் எழுதப் போறதில்லைம்மா" என்றார். "வெள்ளத்துல போச்சுன்னு ஒரு வரியோட விட்டுடறேன். வர்ற வியாழக்கிழமை மிச்சத்தையும் இடிக்கறாங்களாம், புதுப் பாலம் கட்ட. அதுக்குள்ள நாலு படம் எடுத்துக்கலாம்னு வந்தேன்."

"எல்லாத்தையுமா டீச்சர்?"

"ஆமா. நிக்கறது அத்தனையும்."

நிற்பது என்ன இருக்கிறது. இக்கரையிலிருந்து பாடைமேடை வரைக்கும் உள்ள கண்கள்தான் மிச்சம். மேடைதான் இப்போது பாலத்தின் முனை. அதுவும் போய்விட்டால் செந்தூர்பாண்டியைத் திருப்பிவிட உலகத்தில் வேறு இடம் கிடையாது. பெட்ரோல் பங்கில் இறக்கித் திருப்ப அவன் வேனில் போகவில்லை. முத்துராணி கையிலிருந்த நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டாள்.

சாயந்திரம் தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவள் உள்ளே போகவில்லை. மந்திரமூர்த்தி வந்தார். அவள் நிற்பதைக் கண்டு தள்ளியே நின்றார்.

"அத்தான்."

"ம்."

"வியாழக்கிழம பாலத்த இடிக்காவளாம்."

"கேள்விப்பட்டேன்."

"மேடையும் போயிரும். அவர அனுப்பணும்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பிடாதி மகனச் செய்யச் சொல்லுதேன். அவனும் பங்காளிதான்."

"நீங்கதான் செய்யணும்."

"நான் அங்கன வரமாட்டேன் முத்துராணி."

"நானும்தான் அங்கன வந்து நிக்கணும்" என்றாள் அவள். "எனக்கு மட்டும் என்ன, ஆசையா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு தன் பக்கம் போனார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திருநெல்வேலியில் நர்சிங் படிக்கும் மகள் இசக்கிச்செல்விக்குப் போன் போட்டு, வந்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். மகள் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் இரண்டு வருஷமாக இந்தப் போனுக்காகத்தான் காத்திருந்திருப்பாள் போல.

அடுத்த நாள் தட்டு கழுவி வைக்கப்பட்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அதற்கும் அடுத்த நாளும் அப்படியே. புதன்கிழமை காலையில் முத்துராணி கதவைத் திறந்தபோது, குட்டைச் சுவரில் ஒரு வாழைமரம் சாய்ந்து நின்றது. இலை கழித்து, மேலும் கீழும் சீராக வெட்டியிருந்தது. நல்ல உயரம். செந்தூர்பாண்டி அண்ணனைவிட ஒரு பிடி கூடுதல் உயரம். அந்த ஒரு பிடியையும் சேர்த்தே வெட்டியிருந்தார்.

பீரோவிலிருந்து வேட்டியை எடுத்து மகளிடம் கொடுத்தாள். இசக்கிச்செல்வி அதை மரத்தில் சுற்றும்போது அழுதாள். முத்துராணி தலைப்பைச் சரியாகச் செருகச் சொல்லிக் கொடுத்தாள். அழுகை வரும் என்று தானும் எதிர்பார்த்தாள். வரவில்லை. மரத்திலிருந்து வேட்டியில் ஈரம் ஊறி வருவதைப் பார்த்து, நல்ல வேட்டி கறையாகுதே என்ற நினைப்புத்தான் வந்தது. வாழைக்கறை போகாது.

பாலத்தின் தலைப்பில் கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் ஜோஷுவா என்ற இளைஞன், நாகர்கோவில்காரன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஒரு ஆளு மட்டும் போலாம் அண்ணாச்சி. கூட்டம் தாங்காது. விளிம்புக்கிட்டப் போவாண்டாம்."

மந்திரமூர்த்தி தலையை ஆட்டினார். புதிதாக மொட்டையடித்திருந்தார். மரத்தைத் தோளில் ஏற்ற ஜோஷுவா ஒரு கை கொடுத்தான். கனத்தில் அவர் கால் ஒரு முறை தடுமாறியது, பிறகு நிதானித்துக்கொண்டு நடந்தார். முத்துராணி அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள். ஆறு கீழே முழங்கால் அளவு ஓடியது. பாறைகளில் கொக்கு நின்றது. எந்த இரைச்சலும் இல்லை. தூரத்துப் படித்துறையில் யாரோ துணி துவைப்பதுகூடக் கேட்டது. இந்த ஆறா அப்படிச் செய்தது என்று அவளுக்குக் கோபம் வந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு வந்த கோபம். கொஞ்சம்தான் வந்தது, உடனே போய்விட்டது.

அவர் மேடையில் மரத்தை இறக்கினார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தார். எழுந்து, தலைமாட்டைப் பிடித்து இழுத்து, கால்மாடாகும்படி திருப்பினார். எப்போதும் நாலு பேர் செய்கிற வேலை. தனியாளாக இழுத்ததில் மூச்சு வாங்கியது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விளிம்புக்குத் தள்ளினார். கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் இக்கரை வரைக்கும் கேட்டது.

இசக்கிச்செல்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மந்திரமூர்த்தி திரும்பி வரத் தொடங்கினார். முகம் இக்கரையைப் பார்த்து, முதுகு ஆற்றுக்கு. மேடையைத் தாண்டி ஓரடி வைத்தார். வைத்ததும் நின்றுவிட்டார்.

அதே இடம். ஒரு தோள் பைய இறங்கியது. அவர் நிமிர்ந்து முத்துராணியைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேராக அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் போலவே, என்ன செய்ய என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

முத்துராணியின் கை சும்மா தொங்கியது. ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியும். அதை மீறினால் என்ன வரும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாள். வந்தால் வரட்டும் என்று நினைத்தாள். வீட்டுக்கே வரட்டும்.

"திரும்பிப் பாருங்க அத்தான்" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னதே அவருக்குக் கேட்டது. "அன்னைக்குக் கூப்பிட்டது மாமா இல்ல, அவருதான்."

அவர் பாலத்தின் மேல் முழுசாகத் திரும்பினார். அன்றைக்கு முகத்தைப் பார்த்தவள் இன்றைக்கு அவர் முதுகைப் பார்த்தாள். மேடைக்கு அந்தப் பக்கம் பாலம் இல்லை, வெறும் வெளியும் அக்கரையும்தான். கீழே வேட்டி சுற்றிய மரம் ஒரு பாறையில் முட்டி, ஒதுங்கி, நீரோட்டத்துக்கு வந்து, ஸ்ரீவைகுண்டம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

மந்திரமூர்த்தி விளிம்பு வரைக்கும் போனார். ஜோஷுவா தடுப்பைத் தாண்டி ஓடப் போனவன், முத்துராணியைப் பார்த்துவிட்டு நின்றான்.

அவர் ஆற்றைக் குனிந்து பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து தம்பி கூப்பிட்டால் பதில் சொல்கிற குரலில், "என்னலே" என்றார். இன்னும் ஒரு தடவை, "சொல்லுலே, இந்தா நிக்கேன்" என்றார்.

முத்துராணி பாலத்தின் தலைப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்து, அழ ஆரம்பித்தாள்.